ஊர்ல நம்ம நிலத்துல பழைய எரிவாயுக் கிணறு கிடக்கா? சென்னைல இருந்துக்கிட்டே அதை முறையா மூட வைக்கிறது எப்படி

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்பதான் தாத்தா நிலத்தைப் பாகம் பிரிக்கிற பேச்சு வந்துச்சு. மன்னார்குடி பக்கம், ஒரு வேலிக்குக் கொஞ்சம் கம்மி. நிலத்தைப் பார்க்கப் போனா நடுவுல பாதிக்கு மேல ஜல்லி கொட்டின மேடு, துருப்பிடிச்ச கம்பி வேலி, உள்ள ஒரு சிமென்ட் தொட்டி, அதுல தண்ணி தேங்கி நிக்குது, தொட்டி நடுவுல ஆள் உயரத்துக்கு வால்வு வால்வா ஒரு இரும்பு. சித்தப்பா கிட்ட கேட்டா "அதான் எப்பவோ மூடிட்டாங்களேப்பா"ன்னாரு. எப்ப மூடினாங்க, யார் சொன்னாங்க, பேப்பர் எங்கன்னு கேட்டா வீட்ல யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல கொளத்தூர் வீட்ல உட்கார்ந்தபடியே லெட்டர் போட்டு, ஆர்டிஐ போட்டு, லீவு கிடைக்கறப்பல்லாம் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி அலைஞ்சு கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். டெல்டால நிலம் வெச்சிக்கிட்டு சென்னைல வேலை பார்க்கிறவங்க நம்மள மாதிரி நிறைய பேர் இருக்கோம், எல்லாரும் முதல்லேர்ந்து அலைய வேண்டாம்.

முதல்ல "மூடியாச்சு"ங்கற வார்த்தையை நம்பாதீங்க. அதுக்கு மூணு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, வால்வை மட்டும் திருகி நிறுத்தி வெச்சிருக்கறது, என்னைக்கு வேணும்னாலும் திறக்கலாம். ரெண்டு, உள்ள ஒரு அடைப்பு போட்டு தற்காலிகமா விட்டிருக்கறது. மூணாவதுதான் நிரந்தரமா மூடறது, அவங்க பாஷைல பிளக் அண்ட் அபான்டன். நிரந்தரமா மூடற முறையே வேற, ஒரு ரிக் (துளை போடற கோபுர மெஷின்) வரணும், உள்ள இருக்கற குழாயை உருவணும், கேஸ் வர்ற பாறை அடுக்குக்கு நேரா சிமென்ட் இறக்கணும், அதுக்கு மேல கேஸிங் (துளைச் சுவர் சரியாம இறக்கியிருக்கற வெளி இரும்புக் குழாய்) முடியற இடங்கள்ல சிமென்ட், நல்ல தண்ணி ஊத்து இருக்கற ஆழத்தைக் காப்பாத்தற மாதிரி சிமென்ட், கடைசியா தரைக்குப் பக்கத்துல ஒண்ணு, ஒவ்வொண்ணும் பிடிச்சிருக்கான்னு பிரெஷர் குடுத்து டெஸ்ட் பண்ணணும். எல்லாம் முடிஞ்சதும் கேஸிங்கை கலப்பை படாத ஆழத்துக்குக் கீழ வெட்டி, மேல இரும்புத் தட்டு வெச்சு வெல்டிங் பண்ணி மண்ணைப் போட்டு மூடுவாங்க. இதுலேர்ந்து சாதாரண ஆள் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான்: தரைக்கு மேல வால்வு வெச்ச இரும்பு இன்னும் நிக்குதுன்னா, பெரும்பாலும் அது நிரந்தரமா மூடின கிணறு இல்ல. அந்த வால்வு அடுக்குக்கு கிறிஸ்மஸ் ட்ரீன்னு பேரு, லெட்டர்ல அந்தப் பேரைப் போட்டு எழுதுங்க.

திருவாரூர் மாவட்டம் பெரியகுடியை ஞாபகம் வெச்சுக்கோங்க. 2013ல அங்க ஒரு கிணத்துல அழுத்தம் அதிகமாகி வாயு கசிஞ்சதும் மூடினாங்க, ஆனா 2025லயும் அந்த இடத்துல மறுபடி வேலை ஆரம்பிக்கிறாங்கன்னு ஊர் முழுக்க எதிர்ப்பு கிளம்புச்சு. மூடினதுன்னு ஊர் ஒரு அர்த்தத்துல நினைச்சிருக்கும், ஃபைல்ல வேற அர்த்தத்துல இருக்கும்.

அடுத்தது பாதுகாப்பு, இதுல மட்டும் தயவுசெஞ்சு அசால்ட்டா இருக்காதீங்க. வீட்டு சிலிண்டர் கேஸ் நாறுதுன்னா அது நமக்குத் தெரியணும்னு கலக்கற மருந்தோட நாத்தம், பூமிலேர்ந்து நேரா வர்ற மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. அதனால நாத்தம் இல்ல, கசிவு இல்லன்னு முடிவு பண்ணக்கூடாது. அழுகின முட்டை நாத்தம் வந்தா அது ஹைட்ரஜன் சல்பைடு, காத்தை விட கனம், பள்ளத்துல தேங்கும், அளவு கூடிடுச்சுன்னா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாமப் போயிடும், அந்த சிமென்ட் தொட்டிக்குள்ள யாரும் இறங்கக்கூடாதுன்னு சொல்றது இதுக்காகத்தான். மாடு மேய்க்கிறவங்க, பசங்க, ஒதுங்கி பீடி பத்த வைக்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. ஐப்பசி கார்த்திகைல வயல்ல தண்ணி நிக்கறப்ப கேஸிங்கைச் சுத்தி முட்டை முட்டையா கொப்புளம் வருதான்னு தூரத்துல நின்னு பாருங்க, காத்து நம்ம முதுகுப் பக்கத்துலேர்ந்து அடிக்கிற மாதிரி நின்னுக்கிட்டு தேதி தெரியற மாதிரி வீடியோ எடுங்க. சேத்துலயும் இயற்கையா கொப்புளம் வரும்தான், ஆனா ஒரே இடத்துல விடாம வந்துக்கிட்டே இருந்தா அது வேற. சத்தத்தோட கசிஞ்சா வீடியோ எல்லாம் அப்புறம், ஊரை விலக்கிட்டு 112க்கு அடிங்க.

இப்ப பேப்பர் வேலை. சென்னைலேர்ந்தே முக்கால்வாசி முடியும். பட்டா, சிட்டா, புலப்படம் மூணையும் ஆன்லைன்ல எடுங்க, பதிவுத்துறை சைட்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க. ஆனா வில்லங்கத்துல ஒண்ணும் இல்லைங்கறதால நிம்மதி ஆயிடாதீங்க. எண்ணெய்க் கம்பெனி நிலத்தை மூணு விதமா எடுத்திருக்கலாம், தற்காலிகமா வருஷக் குத்தகை மாதிரி பயிர் இழப்பீடு குடுத்து எடுத்திருக்கலாம், நிரந்தரமா கையகப்படுத்தியிருக்கலாம், இல்ல குழாய் மட்டும் போகுதுன்னா 1962ஆம் வருஷத்து பெட்ரோலியம் பைப்லைன் சட்டத்துல பயன்பாட்டு உரிமை மட்டும் எடுத்திருக்கலாம். இந்த மூணாவதுல நிலம் நம்ம பேர்லயே இருக்கும், ஆனா அந்தப் பட்டைல வீடு கட்டக்கூடாது, கிணறு குளம் வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. எங்க வீட்ல தாத்தாவோட டிரங்குப் பெட்டிலேர்ந்துதான் இழப்பீட்டு ரசீது ஒண்ணு கிடைச்சுச்சு, பழைய சர்வே நம்பரும் கிணத்தோட பேரும் அதுல இருந்துச்சு. அந்த ஒத்தைச் சீட்டு ஆறு மாச அலைச்சலைக் குறைச்சுது, அதனால பழைய பெட்டியைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கொட்டிப் பாருங்க. கிணத்துப் பேரு பெரும்பாலும் ஊர்ப் பேரோட இங்கிலீஷ் சுருக்கமும் பின்னாடி ஒரு நம்பருமா இருக்கும், வேலில தொங்கற போர்டுல மங்கலா எழுதியிருப்பாங்க. போன்ல லொக்கேஷனையும் எடுத்து வைங்க, மேல இருக்கற இரும்பை வெட்டிட்டா அப்புறம் இடத்தையே கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து ஆர்டிஐ. காவிரிப் படுகைல பெரும்பாலான கிணறு ஓஎன்ஜிசியோடது, அது மத்திய அரசு நிறுவனம்ங்கறதால தகவல் உரிமைச் சட்டம் நேரா செல்லும், அவங்களோட காவிரிப் படுகை உற்பத்தி வேலையெல்லாம் காரைக்கால்லேர்ந்துதான் நடக்குது. பீஸ் 10 ரூபாய், பதில் 30 நாள்ல வரணும், வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கும் சரிப்படலைன்னா 90 நாளுக்குள்ள மத்திய தகவல் ஆணையம். மனுவைத் தமிழ்லயே எழுதலாம், அந்தப் பகுதியோட ஆட்சி மொழில குடுக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. என்ன கேக்கறோம்ங்கறதுதான் இதுல எல்லாம். "ஏன் மூடலை"ன்னு கேட்டா பதில் வராது, ஃபைல்ல இருக்கற காகிதத்தோட நகலைக் கேக்கணும். நான் கேட்டது இதெல்லாம்: இந்த சர்வே நம்பர்ல இருக்கற கிணத்தோட பேரும் இப்போதைய நிலையும் என்ன, துளையிட ஆரம்பிச்ச தேதி முடிச்ச தேதி, நிரந்தரமா மூடியிருந்தா எந்தத் தேதில, எந்தெந்த ஆழத்துல சிமென்ட் அடைப்பு, பிரெஷர் டெஸ்ட் ரிசல்ட், கேஸிங் வெட்டின ஆழம், நிலத்தை எந்த முறைல எந்தக் காலத்துக்கு எடுத்தாங்க, கடைசியா பணம் குடுத்த தேதி, துளை போட்டப்ப வந்த சேறையும் கசடையும் கொட்டின கழிவுக் குழி எத்தனை, அதுல இருந்தது எங்க போச்சு, நிலத்தை சீர்படுத்தற திட்டத்தோட நகல். பூமிக்கடியில எவ்வளவு கேஸ் இருக்கு, பாறை அடுக்கு விவரம் எல்லாம் கேக்காதீங்க, வணிக ரகசியம்னு சொல்லி அந்த ஒரு வரிக்காக மொத்த மனுவையும் தள்ள வழி குடுத்த மாதிரி ஆயிடும். அப்படித் தள்ளினாலும், மறைக்க வேண்டியதை மறைச்சிட்டு மிச்சத்தைக் குடுக்கணும்னு அதே சட்டத்துல 10வது பிரிவு இருக்கு, மேல்முறையீட்டுல அதைக் குறிப்பிடுங்க. என்னோட முதல் மனுவுல சர்வே நம்பர் மட்டும் போட்டு உட்பிரிவு போடலை, அதனால பக்கத்து நிலத்துக்கான பதில் வந்துச்சு, ரெண்டு மாசம் போச்சு. உட்பிரிவு முக்கியம்.

இதே நேரத்துல கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு மனு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு. இது ரெண்டும் மாநில அரசு, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும். வாரியத்தோட தலைமை ஆபீஸ் கிண்டில மவுன்ட் சாலைலயே இருக்கு, நேர்ல குடுத்து சீல் வாங்கிக்கலாம். அங்க கேக்க வேண்டியது கழிவைப் பத்தி. 2016ஆம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகள்ல எண்ணெய் கலந்த துளையிடும் சேறு (துளை போடறப்ப குழாய் வழியா உள்ள விடற சேத்துக் கலவை), எண்ணெய் கலந்த கசடு ரெண்டும் அபாயகரக் கழிவுன்னே பட்டியல்ல இருக்கு. அதை லாரில ஏத்தி அனுப்பினா படிவம் 10ன்னு ஒரு மேனிஃபெஸ்ட், அதாவது கழிவு எங்கேர்ந்து எங்க போச்சுங்கற சீட்டு, இருக்கணும், அதோட நகலைக் கேளுங்க. படிவம் இல்லைன்னு பதில் வந்தா, கழிவு உங்க நிலத்துலயே கிடக்க வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டு மண் பரிசோதனைக்குத் தயாராகுங்க.

அமெரிக்கால இருக்கற என் பெரியப்பா பையன் ஒரு நாள் போன்ல, "அங்க இதுக்கெல்லாம் கவர்ன்மென்ட்டே பணம் போட்டு மூடுதே, நம்ம ஊர்ல அப்படி ஒரு ஸ்கீம் இல்லையா"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி. அங்க 2021 நவம்பர்ல வந்த கட்டமைப்புச் சட்டத்துல அநாதைக் கிணறுகளுக்குன்னே 470 கோடி டாலர் ஒதுக்கினாங்க. பென்சில்வேனியால 1859லேர்ந்து துளை போட்டிருக்காங்க, தோண்டின கம்பெனி நொடிச்சுப் போய் நூறு வருஷம் ஆகியிருக்கும், பொறுப்பு கேக்க ஆளே இல்ல, அதனால மாநில அரசு பட்டியல் போட்டு டெண்டர் விட்டு மூடுது. கனடால 2020ல மத்திய அரசு 170 கோடி கனடா டாலர் குடுத்துச்சு, அதுல 100 கோடி ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு மட்டும். அந்த ஆல்பர்ட்டால எண்ணெய்க் கம்பெனிகள் கிட்டயே வரி மாதிரி வசூல் பண்ணி அநாதைக் கிணறுகளை மூடற ஒரு அமைப்பும் ரொம்ப வருஷமா இருக்கு. 2019ல அங்க சுப்ரீம் கோர்ட்டு ரெட்வாட்டர்ங்கற திவாலான கம்பெனி வழக்குல, கடன் குடுத்த பேங்குக்கு முன்னாடி கிணத்தை மூடற செலவுதான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

நம்ம நிலைமை அப்படி இல்ல. இங்க தனி ஸ்கீம், தனி ஃபார்ம்னு தேடி நாளைக் கழிக்காதீங்க. நம்ம டெல்டால தோண்டின கம்பெனி எங்கயும் ஓடிப்போகல, உயிரோடதான் இருக்கு, அதனால நம்ம கிணறு அநாதை இல்ல, அதுக்கு சொந்தக்காரன் இருக்கான். வரி கட்டற ஜனம் பணம் போட வேண்டியதே இல்ல, தோண்டினவங்கதான் மூடணும், தோண்டினவங்கதான் மண்ணையும் சரி பண்ணணும். இன்னொண்ணு, 1961 வருமான வரிச் சட்டத்துல 33ஏபிஏன்னு ஒரு பிரிவு இருந்துச்சு (2026 ஏப்ரல்லேர்ந்து அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2025ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் வந்துடுச்சு). எண்ணெய்க் கம்பெனிங்க இடத்தை சீர்படுத்தறதுக்குன்னு தனிக் கணக்குல பணம் போட்டு வெச்சா அதுக்கு லாபத்துல 20 சதவீதம் வரைக்கும் வரிக் கழிவு குடுத்திருக்காங்க, வேற வேலைக்கு எடுத்தா வரி கட்டணும். அதனால நிதி இல்லைன்னு யாராவது வாய்வார்த்தையா சொன்னா, இந்த ஏற்பாட்டைக் குறிப்பிட்டு மரியாதையா ஒரு லெட்டர் போடுங்க. லெட்டரோட தொனி மாறிடும்.

இன்னும் ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. 2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1952ஆம் வருஷத்து சுரங்கச் சட்டப்படியும், அதுக்குப் பதிலா வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புப்படியும் எண்ணெய்க் கிணறும் ஒரு சுரங்கம்தான். அதனால பாதுகாப்பைப் பார்க்கறது தன்பாத்ல தலைமையிடம் வெச்சிருக்கற சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், ஆயில் மைன்ஸ் ரெகுலேஷன்ஸ் 2017 அவங்க கைல இருக்கு. கலெக்டருக்குப் போற எல்லா லெட்டருக்கும் அவங்களுக்கும் ஒரு நகல் போடுங்க.

மண் பரிசோதனைல ஏமாறாதீங்க. வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்துல குடுத்தா கார அமிலத் தன்மை, உப்பு, தழை மணி சாம்பல் சத்துதான் பார்ப்பாங்க, அதுல எல்லாம் நல்லா இருக்குன்னு வந்துடும். நமக்கு வேண்டியது பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் எவ்வளவு, பேரியம், ஈயம், குரோமியம் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு. பேரியம் ஏன்னா துளையிடும் சேத்துக்கு கனம் குடுக்க பாரைட்டுன்னு ஒரு கல்லுப் பொடியைக் கலப்பாங்க, அதுல இருக்கறது பேரியம்தான். இதுக்கு என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்கற தேசிய அமைப்பு) அங்கீகாரம் வாங்கின தனியார் லேப் சென்னைல இருக்கு, அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் பார்க்காம இந்த டெஸ்டுக்கு இருக்கான்னு கேளுங்க. கிணத்துப் பக்கம் ஒண்ணு, பழைய கழிவுக் குழி இருந்த இடத்துல ரெண்டு மூணு, அப்புறம் தள்ளி இருக்கற நல்ல வயல்ல ஒண்ணு, இந்தக் கடைசி இல்லைன்னா ஒப்பிடவே முடியாது. மேல்மண் தனி, ஒரு முழம் கீழ தனி. எண்ணெய் பார்க்கற மண்ணை பிளாஸ்டிக் கவர்ல கட்டாதீங்க, லேப் குடுக்கற கண்ணாடி பாட்டில், ஐஸ் பெட்டி. முடிஞ்சா லேப் ஆளையே வர வெச்சு விஏஓ முன்னாடி எடுத்து எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, நாமளே எடுத்துட்டுப் போன மண்ணு எங்கேர்ந்து எடுத்ததுன்னு நாளைக்குக் கேள்வி வரும். பக்கத்து போர் தண்ணியும் ஒரு பாட்டில். செலவு கொஞ்சம் கூடதான், நாலு பக்கத்து நிலக்காரங்க சேர்ந்து போட்டா தாங்கும், ரிப்போர்ட்டும் பலமா இருக்கும்.

ரிப்போர்ட்டுல அளவு கூட வந்தா, 2025 ஜூலைல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டு வந்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளை எடுத்துக்கோங்க. அதுல சந்தேகப்படற இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியல் போட்டு மாநில வாரியத்துக்கு அனுப்பணும், வாரியம் 90 நாள்ல முதல்கட்டமா பார்த்துச் சொல்லணும்னு இருக்கு. எங்க இடத்தைப் பட்டியல்ல சேருங்கன்னு கலெக்டருக்கு மனு, கிராம சபைல தீர்மானம், ரெண்டையும் ரிப்போர்ட்டோட இணைச்சு அனுப்புங்க. திங்கட்கிழமை குறைதீர் நாளும் மாசா மாசம் விவசாயிகள் குறைதீர் கூட்டமும் இருக்கு, ஊர்ல இருக்கற சித்தப்பா மாதிரி ஒருத்தரைக் கூட்டத்துக்கு அனுப்புங்க, அங்க குடுத்தா கம்பெனி அதிகாரியும் அதே ஹால்ல உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

எதுவும் அசையலைன்னா பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு நம்ம சென்னைலதான் இருக்கு, சேப்பாக்கம் கலச மஹால். வக்கீல் இல்லாம நீங்களே மனு போடலாம், இழப்பீடு கேக்கலைன்னா கட்டணம் 1000 ரூபாய், கேட்டா கேக்கற தொகைல ஒரு சதவீதம். நிலத்தை சீர்படுத்தவும் இழப்பீட்டுக்கும் 5 வருஷக் கெடு, மத்த தாவாவுக்கு 6 மாசம்தான். பழைய கிணத்துக்கு இந்தக் கணக்கு எந்தத் தேதிலேர்ந்து ஆரம்பிக்குதுங்கறது சிக்கலான கேள்வி, அதுக்கு மட்டுமாவது ஒரு சுற்றுச்சூழல் வக்கீல் கிட்ட ஒரு மணி நேரம் உட்காருங்க.

இப்ப ஒரு நாள் ரிக் வந்து நிக்குதுன்னு ஊர்லேர்ந்து போன் வரும். இங்கதான் நிதானம் வேணும். 2020ல வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டால புதுசா எண்ணெய், எரிவாயு துளையிடறதைத் தடை பண்ணுது, ஏற்கனவே நடந்துக்கிட்டு இருந்ததைத் தொடலை. பழைய கிணத்தை நிரந்தரமா மூடறதுக்கும் ரிக் வேணும்னு மேல சொன்னேன்ல, அதனால ரிக்கைப் பார்த்ததும் புதுக் கிணறுன்னு நினைச்சு ஊர் மறிக்கும், மறிச்சா மூடற வேலையும் நின்னுடும். ஊர் மேல தப்பு சொல்ல மாட்டேன், நெடுவாசலும் கதிராமங்கலமும் பார்த்த ஜனம், யாரை நம்பும். அதனால மறிக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கிட்டு விடவும் வேண்டாம். தாசில்தார் முன்னாடி அமைதிப் பேச்சுவார்த்தை கேளுங்க, அங்க மூணு விஷயம் எழுத்துல வாங்குங்க: இது நிரந்தரமா மூடற வேலை மட்டும்தான் மறுபடி உற்பத்திக்கு இல்லைங்கறது, எத்தனை நாள்ல முடியும்ங்கறது, மூடற திட்டத்தோட நகல். எழுதித் தர்றேன்னு சொன்னா வேலை நடக்கட்டும், எழுத்துல தர மறுத்தா அந்த மறுப்பையே பேச்சுவார்த்தைக் குறிப்புல ஏத்தச் சொல்லுங்க.

கடைசிக் கட்டம் நிலத்தைத் திருப்பி வாங்கறது, தற்காலிகமா எடுத்த நிலமா இருந்தா. இங்க அவசரப்பட்டு கையெழுத்துப் போட்டவங்களைப் பார்த்திருக்கேன். கிணத்தை மூடின சர்டிபிகேட் வேற, நிலம் பழையபடி ஆச்சுங்கற சர்டிபிகேட் வேற, ரெண்டும் தனித்தனியா வேணும். கொட்டின ஜல்லியையும் கிராவலையும் வாரணும், சிமென்ட் தொட்டியை உடைச்சு எடுக்கணும், கழிவுக் குழில இருந்தது போயிருக்கணும் இல்ல விதிப்படி தண்ணி புகாத ஷீட்டு போட்டு மூடி அதுக்கு மேல ஊர் மண்ணைத் தடிமனா பரப்பியிருக்கணும், வாய்க்கால் அடைச்சிருந்தா திறந்து விடணும். மண் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை எடுத்து முதல் ரிப்போர்ட்டோட வெச்சுப் பாருங்க. ஒப்படைப்புக் காகிதத்துல "திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்"னு ஏற்கனவே டைப் அடிச்சு வெச்சிருப்பாங்க, அதுக்குக் கீழ உங்க கையாலயே "ஒரு மழைக்காலமும் ஒரு சாகுபடியும் பார்த்த பிறகு தெரியவரும் குறைகளுக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை"ன்னு எழுதிட்டு கையெழுத்துப் போடுங்க. நகலை அங்கயே போட்டோ எடுத்துக்கோங்க.

நிலத்தை வித்தாலும் பாகம் பிரிச்சாலும் கிணறு இருந்த புள்ளியோட லொக்கேஷனைப் பத்திரத்துல சொத்து விவரத்துலயே சேர்த்துடுங்க. மேல நெல்லு விளையும், ஒரு இருபது வருஷத்துல அதை பிளாட் போட்டு யாரோ வாங்குவாங்க, அந்த இடத்துக்கு நேர் மேல படுக்கையறை வரக்கூடாது. எங்க பாகப் பத்திரத்துல அந்தப் புள்ளி யார் பங்குக்கும் போகாம பொதுவுல விட்டு, சுத்தி நாலு கல்லு நட்டிருக்கோம்.